கடையில் பார்த்துட்டு ஆப்பில் வாங்குறீங்களா? இந்த விடுமுறையில் ஊர்ப் புத்தகக் கடைக்கு ஏன் போகணும்?

அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பின்னாலேயே பொங்கல். டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை, ஊருக்குப் போவதும் வருவதுமாகவே நாட்கள் ஓடிவிடும். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, விடிகாலையில் ஊரில் இறங்கி, மதியம் வரை தூங்கி எழுந்து, சாயங்காலம் கடைவீதிப் பக்கம் ஒரு ரவுண்டு போகும் இளைஞர்கள் ஏராளம். அந்தக் கடைவீதியில், பஸ் ஸ்டாண்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் ஒரு புத்தகக் கடை இருக்கும். முன்பக்கம் நோட்டு, பேனா, கைடு, டிஎன்பிஎஸ்சி புத்தகங்கள். உள்ளே கடைசி இரண்டு அலமாரிகளில் நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு.

அங்கே நடப்பது பலருக்கும் பழக்கமான காட்சி. ஒருவர் உள்ளே வருகிறார். ஒரு புத்தகத்தை எடுக்கிறார், பின்னட்டையைப் படிக்கிறார், நாலு பக்கம் புரட்டுகிறார். பிடித்துப்போகிறது. செல்போனை எடுத்து அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஆப்பில் தேடினால் அட்டை விலையைவிட 60 ரூபாய் குறைவு. புத்தகம் அலமாரிக்குத் திரும்புகிறது. ஆர்டர் எங்கோ இருக்கும் ஒரு கிடங்குக்குப் போகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒன்றும் சொல்வதில்லை.

‘இதில் என்ன தப்பு? விலை குறைவா கிடைக்கிற இடத்துல வாங்குறது எல்லாரும் பண்றதுதானே?’ என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. சம்பளத்தில் வாடகை, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்பும் பணம் போக மிச்சத்தில் புத்தகம் வாங்குகிறவருக்கு 60 ரூபாய் என்பது பணம்தான்.

ஆனால், அந்த விற்பனையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று கண்ணில் காட்டுவது ஒன்று. அதைக் கொண்டுவந்து கையில் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையைச் செய்தது ஊர்க் கடை. காசு போனது இரண்டாவது வேலையைச் செய்தவருக்கு. முதல் வேலைக்கு யாரும் காசு கொடுக்காவிட்டால், கொஞ்ச நாளில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்க மாட்டார். மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

ரூ.300 புத்தகத்தில் கடைக்கு என்ன கிடைக்கும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். புத்தகத்தின் அட்டை விலை ரூ.300. பதிப்பகம் கடைக்கு 30 சதவீதம் கழிவு கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் அதை ரூ.210-க்கு எடுக்கிறார். பதிப்பகத்தையும் எடுக்கும் பிரதிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து இந்தக் கழிவு கூடும், குறையும். இங்கே உதாரணத்துக்கு 30 சதவீதம்.

அட்டை விலைக்கே விற்றால் கடைக்கு ரூ.90. வாங்குபவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் ரூ.60. ஆப் விலையோடு மல்லுக்கட்டி 20 சதவீதம் கொடுத்தால் ரூ.30. தள்ளுபடி 30 சதவீதத்தைத் தொட்டால் கையில் ஒன்றும் நிற்காது.

இந்தக் காசில்தான் வாடகை, கரன்ட் பில், உதவிக்கு நிற்கும் பையன் அல்லது பெண்ணின் சம்பளம், சென்னையிலிருந்து பார்சல் வரும் லாரிக் கூலி எல்லாம். மாத வாடகை ரூ.15,000 என்றால், அந்த வாடகையை மட்டும் எடுக்க, அட்டை விலையில் 167 புத்தகங்கள் விற்க வேண்டும். 10 சதவீதத் தள்ளுபடியில் 250 புத்தகங்கள். 20 சதவீதத் தள்ளுபடியில் 500. ஒரு நடுத்தர ஊரில் மாதா மாதம் 500 இலக்கியப் புத்தகங்கள் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

கணக்கில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. அது காத்திருப்பு. மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட் சில நாட்களில் போய்விடும். ஒரு கவிதைத் தொகுப்பு அலமாரியில் ஒரு வருடம்கூட நிற்கலாம். முன்பணம் கொடுத்து எடுத்த புத்தகம் என்றால், அத்தனை நாளும் கடைக்காரரின் ரூ.210 அதில் முடங்கிக் கிடக்கும். அதே இடத்தில் வாட்டர் பாட்டிலும் கிஃப்ட் ஐட்டமும் வைத்தால் பணம் இன்னும் வேகமாகப் புரளும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கவிதைக்கு இடம் கொடுக்கிறார். எத்தனை நாளைக்குக் கொடுப்பார் என்பதுதான் கேள்வி.

பல ஊர்களில் அந்தக் கடைசி இரண்டு அலமாரிகளுக்கும் சோறு போடுவது முன்பக்கம் இருக்கும் நோட்டும் கைடும்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வரும் வியாபாரத்தில்தான் வருடத்தின் மற்ற மாதங்களைச் சமாளிப்பார்கள். இப்போது தனியார் பள்ளிகள் பலவும் பாடப்புத்தகம், நோட்டு, அட்டை, லேபிள் வரைக்கும் வளாகத்துக்குள்ளேயே விற்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பிடிஎஃப் பக்கம் போய்விட்டார்கள். முன்பக்க வியாபாரம் சுருங்கச் சுருங்க, பின்பக்க அலமாரிகளுக்கும் ஆபத்து.

ஆன்லைனில் மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

அமேசான் 1995-ல் விற்பனையைத் தொடங்கியபோது அது ஒரு புத்தகக் கடை. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2007-ல் தொடங்கியபோது அதுவும் ஒரு புத்தகக் கடை. இரண்டு நிறுவனங்களும் புத்தகத்தில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. புத்தகம் கெட்டுப்போகாது, சைஸ் பிரச்சினை இல்லை, உடையாது, ஒரே ஐஎஸ்பிஎன் எண் உள்ள பிரதிகள் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். எந்தக் கடையாலும் அடுக்கி வைக்க முடியாத அளவுக்குத் தலைப்புகளை ஒரு இணையதளத்தில் காட்டிவிடலாம்.

இன்று அந்தத் தளங்களுக்குப் புத்தகம் ஆயிரம் சரக்குகளில் ஒன்று. போன், துணி, சந்தா, விளம்பரம் என்று வேறு வேறு வழிகளில் வருமானம் இருக்கிறது. புத்தகத்தில் லாபம் குறைந்தாலும் வாடிக்கையாளர் உள்ளே வந்தால் போதும். தளத்தில் கடை போட்டிருக்கும் விற்பனையாளர்கள் மொத்தமாக எடுத்து, கூடுதல் கழிவு வாங்கி, அதில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார்கள். சில நேரம் பதிப்பகமே நேரடியாக விற்கும். அப்போது கடைக்குப் போக வேண்டிய கழிவு, வாசகருக்கான தள்ளுபடியாக மாறிவிடுகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. வேறு சரக்கு விற்று வாடகை கட்ட முடிகிறவரோடு, புத்தகம் விற்றுத்தான் வாடகை கட்ட வேண்டியவர் போட்டி போடுகிறார்.

ஆன்லைன் விற்பனையால் நல்லது நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. கடையே இல்லாத ஊர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. படியேறிக் கடைக்குப் போக முடியாதவர்களுக்கு, குழந்தையை விட்டு நகர முடியாதவர்களுக்கு, வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழர்களுக்கு அது பெரிய வசதி. சென்னையில் கிடைக்கும் புத்தகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் மாறியது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஊர்க் கடைக்காகப் பேசினால் அது முழு உண்மையாக இருக்காது.

ஊர்க் கடையும் தபாலில் புத்தகம் அனுப்பலாமே என்று தோன்றலாம். பல கடைகள் அனுப்புகின்றன. ஆனால், சலுகைக் கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது, ஒற்றைப் புத்தகம் அனுப்பும் செலவு சின்னக் கடைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் பெரிய தலைவலி ஆனது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்தது. 300 கிராம் வரை ரூ.20, 5 கிலோ வரை ரூ.100, வரி தனி. பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமாக டெலிவரி படை இருக்கிறது. சின்னக் கடைக்குத் தபால் ஆபீஸ் கவுன்ட்டர்தான்.

வரி விஷயத்திலும் ஒரு நெளிவு உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால், காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி பதிப்பாளருக்கு இல்லை. அது புத்தகத்தின் விலையில்தான் போய் உட்காரும். விலை ஏறினால், வாசகர் இன்னும் தீவிரமாகத் தள்ளுபடி தேடுவார். அந்த அழுத்தமும் கடைசியில் ஊர்க் கடைக்காரரின் தலையில்தான் விழுகிறது.

தேடினால் கிடைப்பது, தேடாமல் கிடைப்பது

ஆப்பில் ‘பொன்னியின் செல்வன்’ என்று தட்டினால் உடனே வரிசையாகப் பல பதிப்புகள் வந்து நிற்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலையும் இறங்கும், தள்ளுபடியும் கூடும். ஏற்கெனவே பெயர் தெரிந்த புத்தகத்துக்கு ஆப் போல வசதி வேறில்லை.

பெயரே தெரியாத புத்தகத்தை எப்படித் தேடுவது?

தமிழில் வரும் புது நூல்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான். ஒரு காலத்தில் முதல் பதிப்பு என்றால் 1,000 பிரதிகள் என்பது வழக்கம். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு, பல நூல்கள் சில நூறு பிரதிகளில் தொடங்குகின்றன. அந்த எழுத்தாளர் முதல் தொகுப்பு போட்ட பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பதிப்பகம் இரண்டே பேர் நடத்துவதாக இருக்கலாம். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. நூலக ஆணை வந்தால் மூச்சு விடலாம், வராவிட்டால் திண்டாட்டம். ஆப் எதைப் பரிந்துரைக்கும்? ஏற்கெனவே விற்றதை, பலர் கிளிக் செய்ததை. யாருமே இன்னும் வாங்காத புத்தகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கடை அலமாரி வேறு மாதிரி வேலை செய்கிறது. தி.ஜானகிராமனைத் தேடிப் போனவர் கண்ணில் பக்கத்தில் இருக்கும் புதிய பெயர் படும். டிஎன்பிஎஸ்சி புத்தகம் வாங்க வந்தவர், கீழடி பற்றிய ஒரு நூலைப் புரட்டுவார். ‘இதைப் படிச்சிட்டீங்களா, அப்போ அதையும் ஒரு பார்வை பாருங்க’ என்று கடைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவார். அவர் சொல்வது சில நேரம் சரியாக வரும், சில நேரம் சொதப்பும். அடுத்த முறை போகும்போது ‘அண்ணே, அது செட் ஆகல’ என்று சொன்னால் அவர் கற்றுக்கொள்வார். முதல் பிரதி இப்படித்தான் நகர்கிறது. பத்துப் பிரதி போன பிறகுதான் வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பேச்சு வருகிறது. ஆப்பின் பட்டியலுக்கு அது வருவது அதற்கும் பிறகு.

குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். போனில் அப்பாவோ அம்மாவோ தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் புத்தகம் வேறு. தரையில் உட்கார்ந்து, பத்துப் புத்தகங்களை இழுத்துப் போட்டு, படம் பார்த்து, ‘எனக்கு இதுதான் வேணும்’ என்று பிள்ளையே எடுத்த புத்தகம் வேறு. இரண்டாவது புத்தகம் வீட்டில் படிக்கப்படுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதைப் பெற்றோரைக் கேட்டாலே சொல்வார்கள்.

சில கடைகள் இதற்கும் மேலே போகின்றன. கோவை ராஜவீதியின் விஜயா பதிப்பகம், சென்னை கே.கே.நகரின் டிஸ்கவரி புக் பேலஸ் போன்றவை புத்தகம் விற்பதோடு பதிப்பிக்கவும் செய்கின்றன, எழுத்தாளரும் வாசகரும் சந்திக்கிற இடங்களாகவும் இருக்கின்றன. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாத ஒரு புதிய எழுத்தாளருக்கு, நாற்பது நாற்காலி போட இடம் இருக்கும் ஒரு கடை என்பது சாதாரண விஷயம் இல்லை.

அதனால் ஒரு கடை மூடும்போது, அந்த ஊரில் புத்தகம் கிடைப்பது நின்றுவிடாது. பெயர் தெரிந்த புத்தகம் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். பெயர் தெரியாத புத்தகம்தான் அந்த ஊருக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும். அது நின்றது யாருக்கும் தெரியவும் தெரியாது. இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்?

மூடிய கடை திரும்புவதில்லை

சென்னை அண்ணா சாலையில் 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் இன்றும் நிற்கிறது. அதே சென்னையில் 1987-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க், ஒரு தலைமுறை ஆங்கில வாசகர்களுக்கு வார இறுதி என்றாலே நினைவுக்கு வரும் இடமாக இருந்தது. பின்னாளில் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அப்படியும் அந்தக் கடை இன்று இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய புத்தகத்துக்குப் பேர் போன மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. வியாபாரிகளுக்கு வேறு இடம் கிடைத்தாலும், பழைய மூர் மார்க்கெட் திரும்பவில்லை.

பெரிய குழுமத்தின் பின்பலம் இருந்த கடைக்கே இந்த நிலை என்றால், சொந்தச் சேமிப்பையும் நகைக் கடனையும் நம்பி நடக்கும் ஊர்க் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது மூடினால் அந்த இடத்துக்கு செல்போன் ஷோரூமோ பேக்கரியோ வரும். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால், புத்தகக் கடை வைக்கிறேன் என்று அந்த வாடகைக்கு அடுத்து ஒருவர் வருவது அபூர்வம்.

புத்தகக் காட்சி இருக்கே, அது போதாதா?

தமிழ்நாட்டில் விடுமுறைக் காலப் புத்தக வியாபாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சென்னைப் புத்தகக் காட்சிதான். பபாசி அமைப்பு 1977-ல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கியது. இன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் பல நூறு அரங்குகள். நெய்வேலியில் ஜூலை, ஈரோட்டில் ஆகஸ்ட் என்று வெளியூர்களிலும் பெரிய காட்சிகள் உண்டு. 2022-க்குப் பிறகு மாவட்டங்கள்தோறும் புத்தகத் திருவிழாக்கள் அரசு ஆதரவோடு நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து உண்டியல் காசில் புத்தகம் வாங்குவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

காட்சியால் பதிப்பகத்துக்கு நேரடி லாபம் உண்டு. கடைக்குக் கொடுக்கும் கழிவு மிச்சம். வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி. ஒரே இடத்தில் எல்லாப் பதிப்பகமும். புது நூல்களில் பெரும்பாலானவை இந்தச் சமயத்தில் வருவதும் இதனால்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ‘ஜனவரியில புக் ஃபேர் வருதே, அப்போ வாங்கிக்கலாம்’ என்று வருடம் முழுக்க லிஸ்ட் மட்டும் போட்டு வைக்கும் வாசகர்கள் நிறைய. அந்த லிஸ்ட்டில் இருப்பதெல்லாம் ஊர்க் கடைக்குப் போகாத பணம். மாவட்டக் காட்சியிலும் அதேதான். பத்து நாள் கூட்டம் அலைமோதும், அது முடிந்த அடுத்த வாரம் அதே ஊரின் கடை காற்று வாங்கும். காட்சியில் அரங்கு எடுக்கும் ஊர்க் கடைக்காரர்களும் உண்டு. அரங்க வாடகை, ஆள் கூலி, பந்தல் ஒழுகினால் நனையும் புத்தகம் எல்லாம் அவர் கணக்கில்.

காட்சி வேண்டாம் என்பதல்ல வாதம். காட்சி பத்துப் பதினைந்து நாள். ஒரு பிள்ளைக்கு ஏப்ரலில் ஒரு புத்தகம் தேவைப்பட்டால், ஒருவர் செப்டம்பரில் மனசு சரியில்லாமல் ஏதாவது படிக்க வேண்டும் என்று வெளியே வந்தால், அன்றைக்குத் திறந்திருப்பது கடைதான். காட்சிக்கு ஒதுக்கும் பட்ஜெட்டில் ஒரு பங்கை ஊர்க் கடைக்குப் பிரித்துக் கொடுத்தால், காட்சிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரான்ஸ் 1981-லேயே சட்டம் போட்டது. புதுப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் நிர்ணயித்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்க முடியாது. கலாச்சார அமைச்சராக இருந்த ஜாக் லாங் பெயரால் அந்தச் சட்டம் அறியப்படுகிறது. ஆன்லைன் நிறுவனங்கள் இலவச டெலிவரி என்று வேறு வழியில் விலையைக் குறைத்தபோது, அதையும் கட்டுப்படுத்தினார்கள். 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியாக வேண்டும். ஜெர்மனியிலும் புத்தகத்துக்கு ஒரே விலை என்று சட்டம் இருக்கிறது.

பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. அங்கே இருந்த ஒரே விலை ஒப்பந்தம் 1990-களில் முடிவுக்கு வந்தது. சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைனும் விலையை இறக்கின. தனியார் சின்னப் புத்தகக் கடைகள் குறைந்துகொண்டே வந்து 2016-ல் 867 ஆயின. பிறகு திருப்பம் வந்தது. 2022-ல் அந்த எண்ணிக்கை 1,072. விலைச் சட்டம் எதுவும் திரும்பி வரவில்லை. ஆனாலும், கடைகள் மறுபடி திறந்தன. அங்கே வாங்க ஆட்கள் வந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அடிப்படை இருக்க முடியாது.

இந்தியாவில் அப்படிப்பட்ட விலைச் சட்டம் இல்லை. அட்டையில் இருப்பது அதிகபட்ச விலை, அவ்வளவுதான். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். சட்டம் வர வேண்டுமா என்பது தனி விவாதம். அதுவரை அந்த வேலையைச் செய்யக்கூடியவர் வாசகர் மட்டும்தான்.

சரி, ஏன் விடுமுறையில்?

முதல் காரணம், நேரம். வேலை நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் கடைக்குப் போக முடியாது. விடுமுறையில் முடியும். பிள்ளைகளுக்கும் லீவு.

இரண்டாவது காரணம், பரிசு. ஐஸ்லாந்து என்ற குட்டி நாட்டில் மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. அங்கே கிறிஸ்துமஸ் என்றால் புத்தகம் கொடுப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மற்றப் பரிசுகள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது, காகிதத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை. அப்போது பிடித்த பழக்கம் இன்றும் விடவில்லை. வருடக் கடைசியில் கொட்டும் புதிய நூல்களை ‘கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்’ என்றே அங்கே சொல்கிறார்கள். சின்ன மொழி ஒன்றின் பதிப்புத் தொழில் ஒரு பண்டிகைப் பழக்கத்தின் மேல் ஊன்றி நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நியம் இல்லை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் வழக்கம் அரசியல் மேடைகளிலேயே வந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் திருவள்ளுவர் தினம். எழுதிய ஒருவரின் பெயரில் அரசு விடுமுறை விடும் ஊரில், பொங்கலுக்கு அண்ணன் பிள்ளைக்குச் சட்டையோடு ஒரு புத்தகமும் வாங்குவது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

மூன்றாவது காரணம், பணம் எங்கே போகிறது என்பது. ஊரில் பிறந்து, சென்னையிலோ பெங்களூருவிலோ சம்பாதித்து, அதை ஆப்பில் செலவு செய்கிறவரின் காசு ஊர்க் கடைவீதியைத் தொடுவதே இல்லை. கடையில் கொடுக்கும் ரூ.270-ல் கடைக்காரருக்கு நிற்கும் ரூ.60, அந்த ஊரின் வாடகையாக, அந்த ஊரில் ஒருவரின் சம்பளமாக மாறுகிறது. ஆப் விலையான ரூ.240-க்கும் இதற்கும் வித்தியாசம் 30 ரூபாய். இரண்டு டீக் காசு.

கடைகள் மேலும் குறை இருக்கிறது

‘சப்போர்ட் பண்ணுங்க’ என்று வாசகரிடம் மட்டும் சொன்னால் போதாது. கேட்ட புத்தகத்துக்கு ‘இல்லை’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும் கடைகள் இருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் முறைக்கும் கடைகள் இருக்கின்றன. இந்த வருடம் வந்த நூல் ஒன்றுகூட இல்லாமல், பத்து வருடத் தூசியோடு அலமாரி வைத்திருப்பவர்களும் உண்டு. பெண்கள் தயங்காமல் உள்ளே போய் அரை மணி நேரம் நின்று பார்க்க முடிகிற சூழல் எல்லாக் கடைகளிலும் இல்லை.

இதையெல்லாம் சரிசெய்யப் பெரிய முதலீடு தேவையில்லை. புது வரவுகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். இல்லாத புத்தகத்துக்குப் பெயரும் நம்பரும் குறித்துக்கொண்டு, வந்ததும் கூப்பிடலாம். குழந்தைகளுக்கு ஒரு கீழ் அலமாரி, உட்கார ஒரு பாய் போதும். வாசகர் 30 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார் என்றால், அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைக்க வேண்டியது அக்கறை.

இந்த லீவில் என்ன செய்யலாம்?

பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது ஒரு முறை கடைக்குள் போகலாம். ஆப் கார்ட்டில் ஏற்கெனவே இருக்கும் மூன்று புத்தகங்களில் ஒன்றை அங்கே வாங்கலாம். இல்லை என்றால், ‘வரவழைச்சுத் தர முடியுமா?’ என்று கேட்டு ஆர்டர் கொடுத்துவிட்டு வரலாம். கிளம்புவதற்குள் வராவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் வாங்கி வைப்பார்கள். ‘புதுசா என்ன நல்லா இருக்கு?’ என்று ஒரு கேள்வி கேட்டு, கடைக்காரர் சொல்லும் ஒரு புத்தகத்தை நம்பி எடுக்கலாம். பிள்ளைகள் இருந்தால், ரூ.200 கையில் கொடுத்து அவர்களையே தேர்ந்தெடுக்க விடலாம்.

கடையில் பார்த்துப் பிடித்த புத்தகத்தைக் கடையிலேயே வாங்குவது. குறைந்தபட்சம் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டாலே போதும். தானாகத் தேடிக் கண்டுபிடித்ததை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். கடைக்காரர் காட்டியதற்கு மட்டும் கடைக்காரருக்குக் காசு.

கையில் காசே இல்லாத மாதம் என்றால் ஊர் நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூலகச் சட்டம் 1948-லேயே வந்தது. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். அதைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம். கடையே இல்லாத ஊர்க்காரர் ஆன்லைனில் வாங்குவதிலும் குற்ற உணர்ச்சிக்கு வேலையில்லை. போலிப் பிரதியும் திருட்டு பிடிஎஃபும்தான் வேண்டாம். அதில் கடைக்காரர், பதிப்பாளர், எழுத்தாளர் மூவருக்கும் ஒரு பைசா போவதில்லை.

பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸில் ஏறும்போது பைக்குள் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா இருக்கும், கரும்புத் துண்டு இருக்கும். கூடவே ஊர்க் கடையின் பில் செருகிய ஒரு புத்தகமும் இருக்கட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது அந்தக் கடை திறந்திருப்பதற்கு, அந்த பில்லும் ஒரு காரணமாக இருக்கும்.